உன் காக்காவுக்கு அளவாகிப்போன கோட்

மகள், ஸலாம். இதை வாசித்து முடித்த பிறகு என் ஸலாத்துக்குப் பதில் சொல்ல உனக்கு மனம் வருமோ தெரியாது. நீ அட்டாளைச்சேனைக்குப் போய்ச் சாச்சி வீட்டில் இருக்கத் தொடங்கி இன்றைக்கு ஆறு நாள். உன்னோடு பேச வேண்டும் என்று மூன்று தரம் போன் எடுத்தேன். மூன்று தரமும் சாப்பிட்டாயா என்று கேட்டேன், நீ ஓம் என்றாய், நான் வைத்துவிட்டேன். நேரில் வந்து உனக்கு முன்னால் இருந்தாலும் நான் அதைத்தான் கேட்பேன். அதனால் கடையின் முன்பலகையைப் பாதி சாத்திவிட்டு, துணி வெட்டும் மேசையைத் துடைத்து, அதில் வைத்து இதை எழுதுகிறேன். ஐம்பத்தெட்டு வயதில் மகளுக்கு எழுதும் முதல் கடிதம். இதை நீ ஒளித்து வாசிக்க வேண்டியதில்லை. சாச்சிக்குக் காட்டு. ரிகாஸுக்கும் காட்டு. எவரெவர் உன் வாயால் ஒரு பொய்யைக் கேட்டு நம்பினார்களோ அவர்கள் எல்லோரும் வாசிக்கட்டும். அந்தப் பொய்யை நீ அறியாமல் சொன்னாய். நான் அறிந்துகொண்டே சொல்ல விட்டேன்.

நேற்று லுஹர் தொழுதுவிட்டு வந்து கடையைத் திறந்தபோது ரிகாஸ் வாசலில் நின்றார். நிக்காஹுக்கு மூன்று கிழமை இருக்கும் மாப்பிள்ளை, கல்யாணக் கோட்டுக்கு அளவு கொடுக்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். உள்ளே வந்து இருந்தார். பிளேன்டீ வேண்டாம் என்றார். பிறகு, நீ நிக்காஹ் வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகச் சொன்னார். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அவர் உனக்கு அனுப்பிய தலையணை உறையைப் பற்றியும் சொன்னார். அவர்கள் வீட்டில் பெருநாளைக்கு ஒருவரை ஒருவர் சிரிக்க வைக்கச் சாமான் கொடுப்பது வழக்கமாம். சின்ன வயதில் உனக்கு என்ன விருப்பம் என்று சாச்சியின் மகளிடம் விசாரித்திருக்கிறார். உன் காக்கா இறந்தபோது அந்தப் பிள்ளைக்கு ஐந்தோ ஆறோ வயது, அவளுக்கு என்ன தெரியும். டீவியில் வரும் பம்புத் தவளை என்று சொல்லியிருக்கிறாள். இவர் கன்னத்தை ஊதிக்கொண்டு ஒரு படம் எடுத்து, அதைப் பச்சைத் தவளையாக்கி, தலையணை உறையில் அச்சடித்து அனுப்பியிருக்கிறார். அதை நீ பிரித்த அன்றுதான் பையைத் தூக்கிக்கொண்டு அட்டாளைச்சேனைக்குப் போனாய்.

"ஹஸ்னா எனக்கு ஒரே ஒரு மெசேஜ்தான் போட்ட மாமா," என்றார். "நான் எண்ட காக்காவைச் சாகக் கொடுத்தவ, எனக்கு இன்னொரு வீட்டுக்குள்ள சிரிச்சிக்கிட்டு இருக்க ஏலாது எண்டு. எனக்கு ஒண்டும் விளங்கல்ல. என்ன நடந்த?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? அது பழைய கதை, பிள்ளை மனம் நொந்து பேசுகிறாள், நான் கதைக்கிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அந்த மனிசன் படியிறங்கிப் போகிற வரை பார்த்துக்கொண்டு நின்றேன். ஏழு வருடமாகச் செய்ததையே நேற்றும் செய்தேன்.

அந்தத் தவளையை ரிகாஸுக்குத் தெரியாது. இதை அவரும் வாசிப்பார் என்பதால் கொஞ்சம் சொல்கிறேன். பின்னேரம் ஐந்து மணிக்கு வரும் கார்ட்டூன் அது. கட்டம் போட்ட பச்சைக் கோட் போட்ட ஒரு தவளை. பயம் வந்தால் அது ஊதும். ஊதி ஊதிக் கடைசியில் கோட்டின் பொத்தான்கள் ஒவ்வொன்றாகத் தெறித்துப் போய் யாருடைய மூக்கிலாவது படும். அவ்வளவுதான் அதன் கதை, ஒவ்வொரு நாளும் அதே கதை. உன் காக்கா, என் மூத்த பிள்ளை அனஸுக்கு அப்போது ஏழு வயது, உனக்கு நாலு. அவன் ஒல்லிக்குச்சி. பெனியனைத் தூக்கி, வயிற்றை முன்னால் தள்ளி, கன்னத்தை ஊதி, தவளை மாதிரி நடந்து காட்டுவான். நீ நிலத்தில் விழுந்து சிரிப்பாய். அந்த வருட நோன்புப் பெருநாளைக்கு நான் ஒரு வேலை செய்தேன். கடையில் மிஞ்சிய பச்சைக் கட்டத் துணியில் அவனுக்கு ஒரு கோட் தைத்து, பொத்தான்களை ஒற்றை நூலில், ஒரு சுற்று மட்டும் போட்டு விட்டேன். தொழுதுவிட்டு வந்து அதைப் போட்டவன் வழக்கம்போல வயிற்றை ஊதினான். நாலு பொத்தானும் பறந்தது. ஒன்று வட்டிலப்பக் கிண்ணத்துக்குள் விழுந்தது. உன் உம்மா சிரித்த சிரிப்பில் அடுத்த வீட்டார் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள். வந்த சனமெல்லாம் போன பிறகும் நாங்கள் நாலு பேரும் பாயைத் தூக்கித் தூக்கிப் பொத்தான் தேடினோம்.

அதற்குப் பிறகு அது எங்கள் வீட்டுப் பெருநாளில் ஒன்றாகிவிட்டது. புதுச் சட்டை ஒரு பக்கம், தவளைச் சாமான் இன்னொரு பக்கம். ஒரு வருடம் இரண்டு பேர் சேர்ந்து போடும் காற்சட்டை ஒன்று தைத்தேன், ஒரு காலில் அவன், மறு காலில் நீ. கேற் வரைக்கும் போய் விழுந்து முழங்கை இரண்டையும் உரசிக்கொண்டு வந்தீர்கள். அவன் வளர்ந்த பிறகு அவனும் தரத் தொடங்கினான். பன்னிரண்டு இஞ்சியோடு முடிந்துபோகும் அளவு நாடா ஒன்றை எனக்குத் தந்து, இதுதான் தவளை டைலரின் டேப் என்றான். உன் உம்மாவின் அகப்பைக்குக் கண்ணும் வாயும் வரைந்து வைத்தான். நீ பதின்மூன்று வயதில் தையல் மெஷினில் இருக்கத் தொடங்கியதே இந்தத் தவளைக்காகத்தான். கார்ட்டூன் நின்று எத்தனையோ வருடம் ஆகியும் எங்கள் வீட்டுத் தவளை நிற்கவில்லை. இதை நான் குறை சொல்லி எழுதவில்லை. நல்ல நாட்கள் அவை, மகள். அவற்றை நீ வெறுப்பது எனக்குத் தெரியும். வெறுக்க வேண்டியது எதை என்று இனித்தான் சொல்லப் போகிறேன்.

அந்த வருடம் அனஸுக்கு இருபது. நோன்பு பிறந்து ஒரு பத்து நாள் போயிருக்கும். அவன் முகம் கொஞ்சம் பூசினாற்போல வந்தது. காலையில் கண்ணிமை தடித்திருக்கும். பள்ளிவாசலில் பார்த்தவர்கள், நோன்பு பிடித்து எல்லோரும் மெலிய, உங்கள் மகன் மட்டும் சதை வைக்கிறானே என்றார்கள். எனக்கும் பெருமை. நீ அவனுடைய அறைக் கதவில் தவளைப் படம் ஒட்டினாய். அவனே அதற்கு மீசை வைத்தான். அந்தக் கிழமையில் ஒரு நாள் பின்னேரம் பெருநாள் உடுப்புக்கு அளவு எடுக்க அவனைக் கடைக்குக் கூப்பிட்டேன். கடையில் வேறு யாரும் இல்லை. முந்திய வருடம் அவன் இடுப்பு முப்பது இஞ்சி. அன்றைக்கு டேப் முப்பத்து மூன்றில் நின்றது. காற்சட்டைக் கால் அளவு பார்க்கக் குனிந்து கணுக்காலைப் பிடித்தேன். என் பெருவிரல் பட்ட இடத்தில் பள்ளம் விழுந்தது. கையை எடுத்த பிறகும் அந்தப் பள்ளம் நிரம்பவில்லை. பிசைந்த மாவில் விரல் வைத்தது போல அப்படியே கிடந்தது. நாற்பது வருடமாக மனிதருடைய உடம்பை அளந்து பிழைக்கிறவன் நான். சதை வைத்த உடம்பு விரலுக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அது சதை இல்லை என்று என் கைக்கு அந்த நிமிடமே தெரிந்தது.

அவனும் அப்போதுதான் சொன்னான். அவன் சொன்னதை அவன் சொன்ன மாதிரியே எழுதுகிறேன். "வாப்பா, பின்னேரமாகினா ரெண்டு காலும் வீங்குது. செருப்பு ஏறுதில்ல. மூத்திரமும் நுரையாப் போகுது. டொக்டரிட்டக் காட்டுவமா?"

பெருநாளுக்கு முன் பதினைந்து நாள் எங்கள் தொழிலில் எப்படி என்று உனக்குத் தெரியும். மேசையில் துணி குவிந்து கிடந்தது. நான் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, நோன்புக் கஞ்சியில் உப்புக் கூட, நோன்பு திறந்தவுடன் நீ மடமடவென்று தண்ணீர் குடிக்கிறாய், அதுதான் என்றேன். பெருநாள் முடியட்டும், நானே கூட்டிப்போகிறேன் என்றேன். பிறகு இன்னொன்றும் சொன்னேன். "உம்மாக்குச் சொல்லாத மகன். நோன்போட அவ பயந்திருவா." அவன் சரி என்றான். வாப்பா சொன்னால் அவனுக்குச் சரிதான். உம்மாவிடம் அவன் ஏன் சொல்லவில்லை, உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று ஏழு வருடமாக நீங்கள் இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தீர்களே, அதற்குப் பதில் இதுதான். நான் அவன் வாயைக் கட்டிவிட்டேன்.

பெருநாளுக்கு மூன்று நாள் இருக்கும்போது அவன் திரும்பவும் கடைக்கு வந்தான். அன்று கடை நிறைய ஆட்கள். தங்கள் காற்சட்டை முடிந்ததா, சட்டை முடிந்ததா என்று நெருக்கிக்கொண்டு நிற்கிறார்கள். அவன் வாசலில் ஒரு பக்கமாக நின்றான். முகம் முழுக்க ஊதிக் கண் சிறுத்திருந்தது. வாப்பா, ஒரு கதை இருக்கிறது என்றான். என்ன கதை என்று எனக்குத் தெரியும். அந்த ஆட்களுக்கு முன்னால் அதைக் கேட்க நான் விரும்பவில்லை. வேலை ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். நான் சிரித்துக்கொண்டு, "பம்புத் தவளை வந்திட்டான், எல்லாரும் பொத்தானுக்குக் கவனம்," என்றேன். கடை முழுக்கச் சிரித்தது. அவனும் சிரித்தான், மகள். கன்னத்தை ஊதிக் காட்டினான். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, பிறகு வாறன் வாப்பா என்று சொல்லிப் போய்விட்டான். இரண்டாம் தரமும் அவன் சொல்ல வந்தான். இரண்டாம் தரமும் நான் கேட்கவில்லை.

இதற்கு அடுத்த நாள்தான் நீ என்னிடம் வந்து, காக்காவுக்குப் பெரிய தவளைக் கோட் ஒன்று தைக்கப் போகிறேன், அவருடைய அளவைச் சொல்லுங்கள், அதைவிட ஆறு இஞ்சி கூட்டி வெட்டித் தாருங்கள் என்று கேட்டாய். முழங்கால் வரை தொங்கும், இரண்டு அனஸ் உள்ளே போகலாம் என்று கையை விரித்துக் காட்டினாய். புது அளவு என் அளவுக் கொப்பியில் இருந்தது. அதைச் சொன்னால் மூன்று இஞ்சி ஏன் கூடியது என்று நீ கேட்பாய். நான் கொப்பியைத் திறக்காமலே முந்திய வருட அளவைச் சொன்னேன். முப்பதோடு ஆறு. முப்பத்தாறுக்கு வெட்டித் தந்தேன். நீ இரண்டு நாள் குனிந்த தலை நிமிராமல் தைத்தாய். பொத்தான்களை ஒற்றை நூலில் போட்டாய், நான் உனக்குப் பழக்கிய மாதிரி.

பெருநாளன்று நடந்ததை நான் உனக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் நீ அதைப் பார்த்த இடத்திலிருந்துதான் உனக்குத் தெரியும், நான் இருந்த இடத்திலிருந்து சொல்கிறேன். அவன் கோட்டைப் போட்டான். எல்லோரும் சிரிக்கத் தயாராக இருந்தோம். சிரிக்கவும் தொடங்கினோம். அவன் பொத்தானைப் பூட்டினான். ஊதவே இல்லை. கதிரையில் இருந்தான், கீழே இருந்த இரண்டு பொத்தானும் பட்டென்று போனது. கோட் தொங்கவில்லை. தோளில் மட்டும் தொளதொளவென்று நின்றது, வயிற்றில் தைத்துப் போட்டது போல இறுகிக் கிடந்தது. உன் உம்மாதான் முதலில் சிரிப்பை நிறுத்தினா. "இது அளவா இரிக்கே," என்றா. நீ அவனைப் பார்த்தாய், பிறகு என்னைப் பார்த்தாய். நான் அளவை மாற்றிச் சொன்னேனா என்று கேட்பதற்காகப் பார்த்தாய் என்று நினைக்கிறேன். நான் வட்டிலப்பத்தை எடுத்து, வந்தவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கினேன். அனஸ் உன் தலையில் கையை வைத்து, தங்கச்சி நல்லா அளவெடுத்திருக்கா என்று சொன்னான். உனக்கு அது குத்தலாகப் பட்டது. அவன் குத்தவில்லை. உன் முகம் வாடியதைப் பார்த்துச் சொன்னான். வந்த ஆட்கள் எல்லோரும் போகும் வரைக்கும், அந்த வெக்கையில், அவன் அந்தக் கோட்டைக் கழற்றவில்லை. நீ கவலைப்படுவாய் என்றுதான்.

நாலாம் நாள் வெளிக் கிணற்றிலிருந்து வீட்டுக்குள் வருவதற்குள் மூச்சு வாங்கிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். அங்கே ஒரு பெண் டொக்டர், நிதானமான பிள்ளை, அவனுடைய காலை அழுத்திப் பார்த்தா, கண்ணிமையைப் பார்த்தா. சிறுநீரகத்தில் பழுது, உடம்பில் நிற்க வேண்டிய சத்து மூத்திரத்தோடு போகிறது, அதனால் உடம்பில் நீர் நிற்கிறது என்று விளங்கப்படுத்தினா. எப்போதிருந்து வீக்கம் என்று கேட்டா. கட்டிலுக்கு இந்தப் பக்கம் நீயும் உன் உம்மாவும் நின்றீர்கள், அந்தப் பக்கம் நான். "பெருநாளண்டுதான் டொக்டர் நாங்க கண்ட," என்றேன்.

அனஸ் என்னைப் பார்த்தான். மூக்கில் குழாய் இருந்தது, ஆனால் பேச்சு இருந்தது. அவன் என்னை மறுத்துப் பேசவில்லை. டொக்டர் அவனிடமும் கேட்டா, வாப்பா சொல்வது சரியா என்று. ஓம் என்று தலையை ஆட்டினான். இருபது வயதுப் பிள்ளை, தன்னுடைய நோயைப் பற்றித் தன் உயிரைப் பார்க்க வந்த டொக்டரிடம், என் மானத்துக்காகப் பொய் சொன்னான். அன்றைக்கே நான் வெளியில் ஓடிப்போய் அந்த டொக்டரிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வீட்டுக்குத் தேர்மோஸ் எடுக்க வந்தபோது கடையைத் திறந்து, அளவுக் கொப்பியில் அவனுடைய பக்கத்தைக் கிழித்து, வெட்டுத் துணிக் குப்பையோடு போட்டேன். அதில் திகதி இருந்தது.

மட்டக்களப்புக்கு அனுப்பினார்கள். பகலில் நானும், மற்ற நேரங்களில் உன் மாமாவும் மாறி மாறி இருந்தோம். ஒன்பதாம் நாள் காலை அவன் கொஞ்சம் தெளிவாக இருந்தான். நான் அவனுடைய முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். முந்திய நாள் நீ வந்து கட்டிலின் காலடியில் நின்று அழுதுவிட்டுப் போயிருந்தாய். அவன் என் கையைப் பிடித்தான்.

"தங்கச்சி அந்தக் கோட்டாலதான் நான் ஒருத்தருக்கும் சொல்லாம இருந்த எண்டு நினைக்கிறா," என்றான். "நான் உங்களுக்கு முந்தியே சொன்ன எண்டு அவக்குச் சொல்லுங்க வாப்பா. உங்களோட கொஞ்ச நாள் கோவிப்பா. பிறகு சரியாகிடும்."

"ஓம் மகன், சொல்றன்," என்றேன்.

பதினோராம் நாள் போய்விட்டான். காலில் உறைந்த இரத்தம் நெஞ்சுக்கு ஏறிவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரி நடையில் வைத்து ஒரு டொக்டர் என்னிடம் தனியாக, கொஞ்சம் முந்தி வந்திருந்தால் மருந்துக்கு நேரம் கிடைத்திருக்கும், இந்தச் சிறுநீரக வருத்தத்தோடு குளிசை போட்டுக்கொண்டு எத்தனையோ பேர் இருக்கிறார்கள் என்று சொன்னார். முந்தி வந்திருந்தால் நிச்சயம் பிழைத்திருப்பான் என்று அவர் சொல்லவில்லை. அல்லாஹ் அறிவான். ஆனால் அந்த நேரத்தை எடுத்தது யார் என்று எனக்குத் தெரியும். நீ எடுத்தது பெருநாளிலிருந்து நாலு நாள் கூட இல்லை. நான் எடுத்தது அதற்கு முந்திய பதினைந்து நாள்.

ஜனாஸாவை அடக்கிவிட்டு மையவாடியிலிருந்து வந்து கைகால் கழுவினேன். உள்ளறையில் நீ சாச்சியின் மடியில் கிடந்து அழுவது கேட்டது. நான்தான் காக்காவை வாய் திறக்க விடாமல் பண்ணினேன், நான்தான் அவரைத் தவளை ஆக்கினேன் என்று சொன்னாய். கதவுக்கு இந்தப் பக்கம் நான் நின்றேன். என் மகன் என்னிடம் ஒப்படைத்த அமானத் அது, இரண்டு நாள் பழையது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும். உன் உம்மா அந்த அறைக்குள் இருந்தா. உன் மாமிமார் இருந்தார்கள். அவர்கள் என்னை எப்படிப் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். நாற்பது கழியட்டும், தனியாகச் சொல்வோம் என்று நினைத்தேன். நாற்பது கழிந்தது. பரீட்சை முடியட்டும் என்று நினைத்தேன். நீ மெஷினுக்குக் கிட்டப் போவதை விட்டாய். பெருநாளைக்குப் பழைய உடுப்பையே உடுத்தாய். யாராவது பகிடி விட்டால் எழும்பிப் போனாய். ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். காலம் போகப் போகச் சொல்வது லேசாகும் என்று நினைத்தேன். காலம் போகப் போக அந்த ஒரு வசனத்தோடு, ஏன் இவ்வளவு நாளும் சொல்லவில்லை என்ற கேள்வியும் சேர்ந்து வளர்ந்துகொண்டு போனது. ஏழு வருடம், மகள். பதினேழு வயதிலிருந்து இருபத்து நாலு வரைக்கும் உன்னுடைய வயதை நான் தின்றுவிட்டேன்.

புத்தி சொல்ல எனக்கு உரிமை இல்லை. என்றாலும் வாழப் போகிறவள் நீ, ஒன்றிரண்டு சொல்கிறேன், வேண்டாமென்றால் விட்டுவிடு. வீட்டில் ஒருவர் தன் உடம்பைப் பற்றி ஏதாவது சொல்ல வந்தால் கையில் இருப்பதை வைத்துவிட்டுக் கேள். அடுப்பு எரிந்தாலும் பரவாயில்லை. எப்போதும் சிரிக்க வைக்கிறவனை அடிக்கடி தனியாகக் கூப்பிட்டு எப்படி இருக்கிறாய் என்று கேள், ஏனென்றால் அவன் சிரித்துக்கொண்டுதான் சொல்வான், கேட்கிறவர்களும் சிரித்துவிடுவார்கள். ரிகாஸ் அனுப்பியதில் ஒரு பிழையும் இல்லை. கன்னத்தை ஊதிப் படம் எடுத்து அனுப்புகிற மனிசன், உன்னைச் சிரிக்க வைக்கத் தன்னைக் கோமாளி ஆக்கிக்கொள்ளக் கூசாதவர். எங்கள் வீட்டிலும் சிரிப்பு ஒருவரையும் கொல்லவில்லை. நான் அதற்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன், அவ்வளவுதான். பிழை செய்தால் அன்றைக்கே சொல்லிவிடு. இதை எவ்வளவு சத்தமாகச் சொன்னாலும் என் வாயிலிருந்து வருவதால் உனக்குக் கசக்கும். கசக்கட்டும்.

இன்று காலை உன் உம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவ குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தா. நான் கதவடியில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன், டேப் நின்ற இடத்திலிருந்து மட்டக்களப்பு வரைக்கும். அவ தலையைத் தூக்கவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. முடித்த பிறகு, அவன் எத்தனை தரம் சொன்னான் என்று கேட்டா. இரண்டு தரம் என்றேன். தங்கச்சியிடம் சொல்லுங்கள் என்று அவன் கேட்டதும் உண்மையா என்று கேட்டா. ஓம் என்றேன். பைப்பை மூடினா. மீன் சட்டியை மூடி வைத்தா. பிறகு, "எழுதுங்க. நான் கொண்டு போய்க் குடுக்கிறன்," என்றா. பையில் உடுப்பு எடுத்து வைத்திருக்கிறா. உன்னோடு நாலு நாள் இருக்கப் போகிறாவா, அதற்கும் மேலா என்று நான் கேட்கவில்லை. கேட்கும் நிலையில் நான் இல்லை. உம்மாவும் நீயும் சேர்ந்து அழுங்கள். இவ்வளவு நாளும் இரண்டு பேரும் தனித்தனியாக அழுதீர்கள், அதுவும் என்னால்தான். இன்று பின்னேரம் அக்கரைப்பற்றுக்குப் போய் ரிகாஸின் வாப்பாவையும் உம்மாவையும் இருத்தி நானே எல்லாவற்றையும் சொல்வேன். உன் வாயால் நீ ஒன்றும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியாக ஒரு விசயம். ரிகாஸை நீ கல்யாணம் முடிக்கிறாயா, இல்லையா என்பது உன் விருப்பம். என் பிழையால் வந்த பயத்துக்காக மட்டும் அவரை வேண்டாம் என்று சொல்லாதே, அதைத்தான் கேட்கிறேன். முடிப்பதென்றால், நிக்காஹ் படிவம் என்னிடம் இருக்கிறது. மாப்பிள்ளையின் பெயர், உன் பெயர், சாட்சிகள் எல்லாம் எழுதியாயிற்று. மாப்பிள்ளையின் கையைப் பிடித்து உன்னை ஒப்புக்கொடுக்கும் வொலிகாரரின் பெயரை மட்டும் நான் இன்னும் எழுதவில்லை. வாப்பா உயிரோடு இருக்க வேறொருவர் அந்த இடத்தில் இருப்பது ஊரில் பேச்சாகும். பேசட்டும். உன் சாச்சாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன், நான் சம்மதம் கொடுத்தால் என் தம்பி அதைச் செய்யலாம் என்று பள்ளிவாசலிலும் கேட்டுவிட்டேன். உன் உம்மா திரும்பி வரும்போது யாருடைய பெயர் என்று சொல்லி அனுப்பு. நீ சொல்லும் பெயரை என் கையாலேயே எழுதுகிறேன்.

வாப்பா